வியாழனைத் திருப்பும் வேலை

இந்த வீட்டில் ஒரு பொருளாவது எனக்கே எனக்கென்று இருக்க வேண்டும். இதுதான் தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு நான் மட்டும்தான் வந்திருந்தேன்.

ஆலை வாசலில் வாழ்நாளெல்லாம் முழங்கியவன் நான். துண்டறிக்கை படித்தே அறிவு வளர்த்தவன். வழியனுப்பு விழாவில் சங்கத்து இளசுகள் ஒரு தொலைநோக்கி கொடுத்தார்கள். இனிமேல் பக்கத்தில் வராதே, தூரத்திலிருந்தே பார்த்துக்கொள் என்று அர்த்தம். போகட்டும். நன்றி கெட்டவர்கள் தந்தாலும் நல்ல கண்ணாடி.

என் சாய்வு நாற்காலி மனைவியிடம் போயிற்று. வானொலி போயிற்று. மேடையில் நான் பிடித்த ஒலிபெருக்கிகூட, மாடியிலிருந்து என்னைக் கூப்பிட அவளுக்குப் பயன்படுகிறது. தொலைநோக்கியை மட்டும் விடுவதாக இல்லை.

சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கே வியாழன் பளிச்சென்று எழுந்திருந்தது. அதன் நான்கு நிலாக்களையும் சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குறி வைத்தேன். கண்ணை வைக்கப் போனேன். மனைவி வந்துவிட்டாள்.

“நகருங்க, நான் பார்க்கிறேன்.”

“உன்னால முடியாது. பூமி சுத்துதுல்ல? கிரகம் நழுவிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் விடாம இந்தக் குமிழைத் திருப்பணும்.”

“பார்க்கிறவங்களே திருப்பக் கூடாதா?”

“கூடவே கூடாது!” பச்சைப் பொய். “கை பழகணும். எனக்கு மட்டும்தான் வரும்.”

“அப்படியா? சரி, நீங்க திருப்புங்க.”

உடனே ஒத்துக்கொள்ளும் முதலாளியைக் கண்டால் நான் உஷாராகிவிடுவேன். மனைவி விஷயத்தில் அந்த அனுபவமே வாய்த்ததில்லை.

“அடேயப்பா! பக்கத்துல நாலு புள்ளி, வரிசையா!” என்று கூவினாள். அப்படியே கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து ஊரையே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அவள் நாத்தனார் வந்தாள். எதிர்வீட்டு டைலரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். வரிசை மாடிப்படி வரை நீண்டது. என் கூட்டங்களுக்கு இத்தனை பேர் வந்ததில்லை.

“அண்ணே, ஓடிப் போகுது!”

“திருப்பறேம்மா.”

“அண்ணே, மங்கலா இருக்கே!”

“உன் மூச்சுக் காத்துதான். கொஞ்சம் தள்ளி நில்லு.”

“அக்கா, உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பொறுப்பா வேலை செய்யறாரு!”

“பழக்கினா வராதா?” என்றாள் என் மனைவி.

இடுப்பு ஒடிந்தது. “நானும் ஒரு தடவை பார்த்துக்கிறேனே” என்றேன். கெஞ்சவில்லை, கோரிக்கை வைத்தேன்.

மனைவி நிஜமான வருத்தத்தோடு கையை விரித்தாள்.

“தாராளமா பார்க்கலாங்க. ஆனா நீங்க பார்க்க வந்துட்டா, யாரு திருப்புறது?”