பாசி ஒழிப்புத் துணைக்குழு

ஒரு காட்டில் புலி கிடையாது, சிங்கம் கிடையாது. ஆனால் ஒரு நற்பணிச் சங்கம் உண்டு. அடித்துத் தின்கிறவர்கள் தொலைந்தார்கள் என்று மற்ற ஜீவன்கள் சாமியைக் கும்பிட்டு நிம்மதியாக உட்கார்ந்த நேரத்தில், சேவை செய்கிறவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

சங்கத்துக்குப் பதினாலு வயது. தலைவர் நரியார் தணிகாசலம். செயலாளர் கொக்கு சாம்பசிவம். மனு வாங்கும்போதுகூட ஒற்றைக்காலில்தான் நிற்பார். அவர்கள் செய்த தருமம் கொஞ்சநஞ்சமில்லை. சித்திரை வெயிலில் கரடிகளுக்குக் கம்பளி கொடுத்தார்கள். உச்சிப் பொழுதில் ஆந்தைகளுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தி, வந்த நாற்பது பேருக்கும் பார்வையே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பாம்புகளுக்கு ஆளுக்கொரு ஜோடி செருப்பு. "இதைப் போட்டுக்கிடக் கால் வேணுமே" என்று ஒரு பாம்பு தயங்கியது. "அது அடுத்த வருஷத் திட்டம்" என்றார் தலைவர்.

இத்தனையும் பொறித்த கல்வெட்டு ஒன்று வறண்ட ஆற்றுக்கு நடுவே நின்றது. அதற்கு மட்டும் ஒரு வியாதி. எந்தக் கோடையிலும் அடியிலிருந்து பச்சைப் பசேலென்று பாசி ஏறி, தலைவர் பெயரையே மூடிவிடும். அதைச் சுரண்டுவதற்காகப் பாசி ஒழிப்புத் துணைக்குழு என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தரும் சேரவில்லை. பாசி சுரண்டுகிறவரை யார் போட்டோ எடுப்பார்கள்?

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. பேச்சியம்மாள் என்கிற முள்ளம்பன்றி பங்குனியில்தான் குட்டி போட்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து இந்தக் காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். நல்லது கெட்டது சொல்ல ஆளில்லை. இரண்டு நாளாகத் தாய்க்குத் தண்ணீர் இல்லை, அதனால் பிள்ளைக்குப் பால் இல்லை. குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அந்தக் கண் மூடுகிறதைப் பார்க்கிற கொடுமை பெற்றவளுக்குத்தான் தெரியும்.

"ஆத்துல சங்கம் தண்ணிப் பந்தல் போடுதாம் அக்கா. ஏழு பானை!" என்று பக்கத்துப் புதர் முயல் செண்பகம் வந்து சொன்னாள். பேச்சியம்மாள் கடவுளே என்று கைகூப்பிவிட்டு, விடியும்போதே குட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

ஓலைப் பந்தல். ஏழு பானை. குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். திறப்பு விழா ஒன்பது மணி.

ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. தலைமை விருந்தினர் யானை ஐயா வரவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளை துவண்டு போச்சு. ஒரு வாய் மட்டும் கொடுங்க" என்றாள் பேச்சியம்மாள்.

கொக்கு மூக்கை உயர்த்தியது. "எப்படிம்மா கொடுக்க முடியும்? ரிப்பன் வெட்டினாத்தான் அது தருமம். வெட்டாமக் கொடுத்தா வெறும் தண்ணி."

"வெறும் தண்ணியே போதும் அண்ணாச்சி."

"போதும்னு நீ சொல்லலாம். சங்கத்துக்குப் போதுமா? அது கிடக்கட்டும், தாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தியா? எத்தனை நாளாத் தாகம், இதுக்கு முந்தி தாகம் எடுத்தது உண்டா, எல்லாம் இருக்கணும்."

கொக்கு நீட்டிய படிவத்தை நிரப்பி, சாட்சிக்குச் செண்பகத்தின் கால்ரேகையும் வைத்துக் கொடுத்தாள். "நாலு பிரதி" என்றது கொக்கு.

மணி நாலுக்கு யானை ஐயா ஆடி அசைந்து வந்தார். மேளம், மாலை, பொன்னாடை. ரிப்பனை வெட்டினார். "முதல் மடக்கு நம்ம ஐயாதான் அருந்தணும், அதுதான் மரியாதை" என்றார் நரியார். ஐயாவும் மரியாதையைத் தட்டவில்லை. தும்பிக்கையை விட்டு ஒரு மடக்கு குடித்தார். ஏழு பானையும் கவிழ்த்து வைத்ததுபோல் ஆயிற்று.

"இனிப்பாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு போட்டோ. பயனாளி ஒருத்தர் வேண்டுமே? வரிசையில் முதலில் நின்றவளை இழுத்து வந்தார்கள். போர்த்திய பொன்னாடையில் அவள் முள் நாற்பது ஓட்டை போட்டது. கையில் ஒரு வெறும் சிரட்டையைக் கொடுத்தார்கள்.

"குடிக்கிற மாதிரி நில்லும்மா. முகத்துல தாகம் தீர்ந்த களை வரட்டும்" என்றது செல்போனைப் பிடித்த குரங்கு.

"சிரட்டையில ஒண்ணுமில்லையே தம்பி."

"போட்டோவுல தெரியாது."

குட்டி காலடியில் சுருண்டு கிடந்தது. பேச்சியம்மாள் சிரித்தாள். எடுத்து முடித்ததும் பொன்னாடையை முள் முள்ளாகக் கழற்றிச் சிரட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஊர்ப் பந்தலுக்கு வேண்டுமாம்.

நரியார் சங்க வரலாறு பேச எழுந்தார். "பதினாலு வருஷத்துக்கு முந்தி இதே போல ஒரு பஞ்சம். அப்ப இந்த ஆத்துல ஓர் ஊத்து இருந்தது. யாரும் ஏற்பாடு பண்ணலை, யாரும் தலைமை தாங்கலை. கண்டவனும் வந்து கண்டபடி குடிச்சிட்டுப் போனான். இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் நம்ம சங்கம் பிறந்தது. அந்த ஊத்து நினைவா, அந்த ஊத்து மேலயே, இதோ நிக்குதே, இந்தக் கல்வெட்டை நட்டோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பேச்சியம்மாள் மட்டும் தட்டவில்லை. அவள் கல்வெட்டைப் பார்த்தாள். கல்வெட்டின் அடியில் பாசியைப் பார்த்தாள். உலகமே காய்ந்து கிடக்கிற கோடையில் பச்சைப் பசேலென்று பாசி.

'ஆண்டவனே, இவ்வளவு பக்கத்திலயா வச்சிருந்தே!' என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

ஓடிப்போய்த் தோண்டலாம். ஆனால் கல்வெட்டில் கை வைத்தால் சங்கம் சும்மா விடுமா? ஊற்று இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அதற்கும் ஒரு ரிப்பன் கட்டுவார்கள். யானை ஐயா மறுபடி வருவார். அவள் நடந்து போய்த் தலைவர் முன்னால் பணிவாகக் குனிந்தாள்.

"தலைவரய்யா, எனக்கு ஒரு பதவி வேணும்."

தண்ணீர் கேட்டபோது அவளைத் திரும்பிப் பார்க்காத நரியார் இப்போது காதை நிமிர்த்தினார். "என்ன பதவிம்மா?"

"உங்க பேரைப் பாசி மூடுறதைப் பார்க்க எனக்கு மனசு கேக்கலை. அந்தத் துணைக்குழுவை என்கிட்ட விடுங்க. வேரோட எடுத்துடறேன். கொஞ்சம் தோண்ட வேண்டிவரும்."

"தோண்டும்மா, தாராளமாத் தோண்டு!" தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களாய்யா, ஏழையா இருந்தாலும் சேவை மனசு!" நின்ற நிலையிலேயே தீர்மானம் நிறைவேறியது. விண்ணப்பம் கேட்கவில்லை, பிரதியும் கேட்கவில்லை.

விழாக் கூட்டம் விருந்துக்குப் போக, பேச்சியம்மாள் கல்லின் பின்பக்கம் போய் மண்ணைப் பறித்தாள். ஒரு முழம் ஈரம். இரண்டு முழம் சேறு. மூன்றாவது முழத்தில் குளிர்ந்த தண்ணீர் அவள் மூக்கில் மோதியது. அவள் குடிக்கவில்லை, முதலில் பாதத்தை நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். அது ஒருமுறை நக்கியது, இரண்டு முறை நக்கியது, பிறகு கண்ணைத் திறந்து, இன்னும் வேண்டும் என்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் செண்பகம் துணைக்குழுவில் சேர்ந்தாள். அதற்கு மறுநாள் மான், கீரி, கரடி. வாரம் முடிவதற்குள் செருப்பு வாங்கிய பாம்பு தவிர மற்ற எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அதுவும் வந்தது. தினமும் இருவேளை பின்பக்கம் போய்ப் பாசி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். ஊற்று இறைக்க இறைக்கக் கல்லில் ஈரம் குறைந்து, தலைவர் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

ஆண்டு விழாவில் நரியார் தழுதழுத்தார்: "பதினாலு வருஷத்துல நான் இப்படி ஒரு சேவை உணர்ச்சியைக் கண்டதில்லை!" பேச்சியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதே பொன்னாடைதான், ஓட்டை நாற்பதும் அப்படியே இருந்ததால் இந்த முறை முள்ளில் அளவாகப் பொருந்தியது.

நீதி: தாகமெடுத்தால் தண்ணீர் கேட்காதே, பதவி கேள்.