பச்சைப் பெட்டியும் பெட்டிப்பாம்பும்

என் சுத்தியலில் வெல்லம் ஒட்டியிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனி என் ஆயுதம் எதையும் என் மனைவி சூசையம்மாள் தொடக்கூடாது!

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். வேலை நாளில் பேனா, லீவு நாளில் இழைப்புளி. தச்சு எனக்குத் தொழிலல்ல, வெறி. சீசனுக்கு வந்த துரை ஒருவர் பங்களாவில் சில பெட்டிகள் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். பக்கத்தில் பக்கம் நிற்கும். எப்படி அடுக்கினாலும் அலமாரி. அதே மாதிரி நானும் செய்வேன். உளிக்கு ஒரு பெட்டி, ஆணிக்கு ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் பூட்டு!

பேரிக்காய் மண்டியில் பழைய பழப்பெட்டிப் பலகை வாங்கினேன். அறுத்தேன். இழைத்தேன். பச்சைப் பெயிண்ட் அடித்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. இந்த மூடுபனியில் துணியே காயாது, பெயிண்ட் காயுமா? தொட்டவர் கையெல்லாம் பச்சை. என் மூக்கும் பச்சை. வீட்டில் சூடான இடம் இரண்டுதான்: அடுப்படி, என் தலை.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தேன்.

"ஐயையோ, இங்ஙன வேணாங்க!" சூசையம்மாள் வழிமறித்தாள்.

"ஏன் வேணாம்?"

"எனக்குத் தலைக்கு மேல சோலி கெடக்கு. எடத்த அடைக்காதீங்க."

"இது என் வீடு. என் பெட்டி. இங்கதான் வைப்பேன்!"

"சரி, அடுப்புக்கு எதுத்த சுவத்துல மட்டும் வேணாங்க."

அந்தச் சுவரில்தான் அடுக்கினேன்.

பெயிண்ட் காய்ந்தது. என் கோபம் காயவில்லை. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மட்டமா இருக்குதாங்க?"

"மட்டமா? என் வேலையா மட்டம்?"

"ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களான்னு கேட்டேன். ஆடுது. பக்கத்து வீட்டு அருள்மேரி பாத்தாக்கூடச் சொல்லுவா, ஒரு தும்மலுக்குத் தாங்காதுன்னு."

"தும்மலா? பூகம்பம் வந்தாலும் அசையாது, பாரு!"

சுவரைக் குடைந்தேன். மரமுளை அடித்தேன். ஒவ்வொரு பெட்டியையும் திருகாணி போட்டு முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியதில் திருகாணியோடு என் கழுத்தும் திரும்பியது. முடித்ததும் பெட்டியைப் பிடித்துத் தொங்கியே காட்டினேன்.

"ஆடுதா? சொல்லு, ஆடுதா?"

"ஆடலங்க."

குரலில் அத்தனை அடக்கம். எனக்கே பாவமாக இருந்தது. ஜெயித்த மிதப்பில் குளிக்கப் போனேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், நான் இன்னும் பூட்டு மாட்டாத உளிப் பெட்டியில் மிளகாய். ஆணிப் பெட்டியில் புளி. மேலே பருப்பு, உப்பு, காப்பித்தூள்.

"எல்லாத்தையும் எடு வெளியே! இல்லன்னா பெட்டிய இப்பவே கழட்டுவேன்!"

"கழட்டுங்க. பாதிச் சுவரும் கூடவே வரும்."

ஒரு திருகாணியைக் கையாலேயே திருகிப் பார்த்தேன். அதற்குள் புழக்கடைக் கதவில் அருள்மேரி வந்து வாயைப் பிளந்து நின்றாள்.

"அக்கா, அம்புட்டு அழகா இருக்கு! எனக்கும் வேணும். எங்க வீட்டு மனுசன் கேட்டாச் செய்ய மாட்டேங்கிறாரே!"

"வேணும்னு கேட்டா எவரு செய்வாரு? வேணாம்னு சொல்லணும், புள்ள. கோவத்துல தானாச் செய்வாங்க."

"அவருக்குக் கோவமே வராதுக்கா."

"அப்ப எங்க வீட்டுக்காரர அனுப்புறேன். இவருக்கு நல்லா வரும்."

"நான் என்ன கூலிக்காரனா?" என்று கத்தினேன். "அவ வீட்டுச் சுவருல ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்!"

"அதுவும் சரிதான். அவ வீட்டுச் சுவரு கருங்கல்லு. உங்களால முடியாது, விடுங்க."

"முடியாதா? என்னாலயா?"

மறுநாள் வெள்ளனே, உளியும் நீலப் பெயிண்டுமாக அருள்மேரி வீட்டு வாசலில் நின்றேன். அவளுக்குப் பச்சை பிடிக்காதாம்.