வெனிஸில் கர்சீப் போட்டவர்

தாம்பரத்தில் ரயில் நிற்பதற்கு முன்பே அதில் இடம் பிடித்துவிடக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கர்சீப் அங்கிள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ரயில் உள்ளே வரும்போதே அவருடைய கைக்குட்டை ஜன்னல் வழியாகப் பறந்துபோய் ஓர் இருக்கையில் அமர்ந்துவிடும். பின்னால் அவர் சாவகாசமாக ஏறுவார். ரயிலோடு நிறுத்தினாரா என்றால், இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில், முதல் பந்தியில் ஒரு வரிசை முழுக்கக் கைக்குட்டை விரித்துவிட்டார். மாப்பிள்ளையே இடமில்லாமல் நின்றார்.

"உங்களுக்கென்ன தம்பி, கல்யாணமே உங்களோடது. அடுத்த பந்தியில நிதானமா சாப்பிடுங்க" என்று அவரை அனுப்பிவைத்தார் அங்கிள்.

போன வருஷம் அலுவலக வேலையாக நான் இத்தாலியில் இருந்தபோது அம்மா போன் செய்தார். "கர்சீப் அங்கிளும் ஆன்ட்டியும் டூர் வராங்க. வெனிஸ்ல ஒரு நாள் ஃப்ரீயாம். நீ கூட இருந்து பாத்துக்கோ."

ஆன்ட்டிக்குப் பேச்சு குறைவு, மூட்டுவலி அதிகம். வெனிஸிலோ திரும்பிய பக்கமெல்லாம் பாலம், பாலமெல்லாம் படி. முந்தின நாள் குழுவோடு நடக்க முடியாமல் அவர் ஓட்டல் அறையிலேயே இருந்துவிட்டார். ஊருக்கு நடுவே வளைந்து போகும் பெரிய கால்வாயைப் படகின் முன்பக்கம் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மாலையில், ஊர் எல்லையில் நிற்கும் குழுவின் பேருந்து அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

வெனிஸுக்குள் பஸ் கிடையாது. அந்த வேலையைப் படகுகள் செய்கின்றன. எண், ஸ்டாப், கண்டக்டர், நெரிசல், எதிலும் குறைவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள படகு ஸ்டாப்பில் இருவரையும் நிறுத்திவிட்டு டிக்கெட் வாங்கப் போனேன். பெரிய வரிசை. திரும்பி வந்தால், தண்ணீரில் மிதக்கும் ஒரு கண்ணாடி அறையின் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் எனக்காக ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை.

"வாம்மா, உனக்கும் போட்டு வெச்சிருக்கேன். படகு பிரமாதம். லேசா ஆடுது, அவ்வளவுதான்."

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கக் கதவு வழியாக வெளியேறியது. அங்கிள் உச்சுக்கொட்டினார்.

"பாவம், உக்கார இடம் கிடைக்காம எறங்கிப் போறாங்க பாரு."

அவர்கள் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். படகு போய்விட்டது.

"அங்கிள், இது படகு இல்ல. ஸ்டாப்."

"ஸ்டாப்பா? அப்புறம் ஏன் ஆடுது?"

"மிதக்கற ஸ்டாப் அங்கிள்."

"எங்கயும் போகாததுக்கு எதுக்கும்மா மிதப்பு?"

"அதானே பாத்தேன்" என்றார் ஆன்ட்டி. "ரொம்ப நேரமா அதே பச்சை கோபுரமே வந்துகிட்டிருக்கேன்னு."

அடுத்த படகு பிதுங்கிக்கொண்டு வந்தது. ஆனால் முன்பக்க இருக்கை ஒன்றிலிருந்து ஒருவர் எழுந்தார். படகைக் கயிற்றால் கட்டக்கூட இல்லை, கைக்குட்டை பறந்தது. கம்பிக்கு மேலே எழும்பி இருக்கையின் நட்டநடுவே விழுந்தது. தாம்பரத்துக்கே பெருமை சேர்க்கும் வீச்சு.

வெள்ளைத்தலை அம்மாள் ஒருவர் அதை எடுத்தார். நான்காக மடித்தார். கம்பியோரம் வந்து, புன்னகையோடு அங்கிள் கையில் கொடுத்தார். பிறகு போய் அந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

மடித்த கைக்குட்டையை அங்கிள் என்னிடம் நீட்டிக் காட்டினார். "கர்சீப்ப மடிச்சு கையில குடுத்துட்டு உக்காந்துட்டாங்கம்மா! சண்டைக்கு வந்தாலாவது பதில் சொல்லலாம். இவங்ககிட்ட தேங்க்ஸ்தான் சொல்ல முடியுது."

அதற்கடுத்த படகிலும் கால் வைக்க இடமில்லை. ஆன்ட்டி மெதுவாக முழங்காலை நீவிக்கொண்டார். "விடுங்க. தண்ணிய இங்கேருந்தே பாத்தாச்சு. போதும்."

அங்கிள் அந்த முழங்காலைப் பார்த்தார். கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் படகுக்குத் தாம்பரம் எது?"

எனக்கு உடனே புரிந்தது. தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் காலை நேரத்தில் ஏறினால் நிற்கத்தான் முடியும். விவரமானவர்கள் எதிர்ப்பக்க ரயில் பிடித்து, ரயில் கிளம்பும் தாம்பரத்துக்கே போய், உட்கார்ந்து வருவார்கள்.

"ஒரே ஸ்டாப் பின்னாடி அங்கிள். அங்கேருந்துதான் கிளம்புது."

"அப்ப ரிட்டர்ன் அடிப்போம், வா."

அந்த ஸ்டாப்பில் காலிப் படகு வந்து நின்றது. வாசல் திறந்ததும் அங்கிள் ஆன்ட்டியை முன்னால் விட்டு, பின்னால் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பாதி ஐரோப்பா நின்றது.

"மெல்ல வை விமலா. நீ ஏறாம இது கிளம்பாது." தலையை மட்டும் பின்னால் திருப்பி, "எக்ஸ்க்யூஸ் மீ! ஒன் மினிட்! நீ பெயின்!"

ஓர் ஊரே ஒரு மூட்டுவலிக்காகக் காத்திருந்தது. ஆன்ட்டி முன்வரிசையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அங்கிள் உள்ளே போய்விட்டார்.

மாளிகைகள் வந்தன. காய்கறிப் படகு வந்தது. குப்பை அள்ளும் படகைப் பார்த்ததும் ஆன்ட்டி என் தொடையில் தட்டி, "இதுவுமா!" என்றார். பாதி வழியில் எங்கள் வரிசையில் ஓர் இருக்கை காலியானது. அங்கிளைக் கூப்பிட எழுந்து போனேன். அவர் உள்ளே, கம்பத்தைப் பிடித்தபடி கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி இடம் இருக்கு, வாங்க அங்கிள்."

"வேணாம்மா. இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுது."

அவர் பக்கத்தில் நின்று நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால், மாளிகைகளையும் கால்வாயையும் மறைத்துக்கொண்டு ஆன்ட்டியின் பின்தலை மட்டும் தெரிந்தது. அது இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.