பதினோரு கிளை, ஒரு தலை

"நீங்க விக்க வந்துட்டீங்க சரி. கிளைங்க கேட்டுச்சா?" என்றார் சலூன் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி.

எதிரே உட்கார்ந்திருந்த விற்பனையாளருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'ஸ்லைடு'. வீட்டில் காபி கேட்டால்கூட மூன்று அம்சங்களாகப் பிரித்துக் கேட்கிற ஆள். இப்போது கைவசம் இருந்த அம்சம் ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மென்பொருளாவது விற்காவிட்டால் வேலை போய்விடும். முதலாளியே அவருடைய மனைவியின் அண்ணன் என்பதால், வேலையோடு வீட்டு மரியாதையும் போகும்.

"சார், உங்க சலூன் எல்லாத்துக்கும் இங்கேருந்துதான் வாங்கிக் கொடுக்கறீங்க. அதைச் சுலபமாக்கற சாப்ட்வேர் இது. ரெண்டே நிமிஷம் காட்டட்டுமா?"

"காட்டக்கூடாது. ஒரு சீப்பு வாங்கறதா இருந்தாலும் பதினோரு கிளையும் கையெழுத்துப் போட்டுக் கேட்கணும். அதுதான் நடைமுறை."

'நடைமுறை' என்று சொல்லும்போது அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். சிலர் பாட்டு கேட்கும்போது அப்படி மூடுவார்கள்.

ஸ்லைடு கையெழுத்து வாங்கும் காகிதத்தோடு முதல் கிளைக்குள் நுழைந்தார்.

"வேலை நேரத்துல வாடிக்கையாளர்கிட்ட மட்டும்தான் பேசணும். தலைமை அலுவலக உத்தரவு," என்றார் கத்தரியோடு நின்ற கிளைக்காரர்.

"இப்போ என்கிட்ட பேசறீங்களே?"

"இது பேச்சு இல்லண்ணே, எச்சரிக்கை. உட்காருங்க, அப்புறம் பேசலாம்."

உட்கார்ந்தார். முடி குறைந்தது. கையெழுத்து கிடைத்தது.

"எந்தப் புண்ணியவான் இப்படிக் குதறி வச்சான்?" என்று இரண்டாம் கிளைக்காரர் பதறிப்போய்ச் சரிசெய்தார். சரிசெய்ததை மூன்றாம் கிளைக்காரர் சரிசெய்தார். நான்காம் கிளையோடு தலைக்கு மேல் இருந்த வேலை முடிந்துவிட்டது. ஐந்தில் தாடி. ஆறில் மீசை.

ஏழாம் கிளைக்காரர் நாணயஸ்தர். நாற்காலியை மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வெட்ட ஒண்ணுமே இல்லாம காசு வாங்க மாட்டேண்ணே," என்றார்.

"கையெழுத்தாவது போடுங்களேன்."

"காசு வாங்கலேன்னா நீங்க வாடிக்கையாளர் இல்லையே!"

பேரம் இடது புருவத்தில் முடிந்தது. எட்டாம் கிளைக்காரர் வலது புருவத்தை எடுத்து ஜோடி சேர்த்தார். ஒன்பதிலும் பத்திலும் ஆளுக்கு ஒரு கையின் முடி. பதினோராம் கிளையில் தலையைத் துடைத்து மெருகேற்றியதில், மேலே சுழன்ற மின்விசிறி அதில் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில் மனைவி கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் லேசாகத் திறந்தாள்.

"அவர் வீட்ல இல்லீங்க."

"நான்தான்டி!"

"ஐயையோ! அண்ணன் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"மூணு விதமா சொல்லலாம்..."

"ஒரு விதமும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்கறதுக்குள்ள உள்ள வாங்க."

வெள்ளிக்கிழமை காலை. கொள்முதல் அதிகாரி அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த அட்டையில இருக்கறவர் எங்கே?"

"உங்க கிளைகள்ல கொஞ்சம் கொஞ்சமா இருக்கார் சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நடைமுறை ஏதும் வகுக்கப்படவில்லை போலும். கையெழுத்துகளை விரல் விட்டு எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். அப்போதும் பதினொன்று.

"வாழ்த்துகள்," என்றவர் ஓர மேசை அம்மாளிடம், "இந்தாம்மா, இவருக்கு ஆர்டர் போட்டுக் கொடு."

ஸ்லைடுக்குக் கண் கலங்கிவிட்டது. மைத்துனர் முகத்தில் எறியப்போகும் மூன்று வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே, ஓர மேசைக்கு ஓடினார்.

தட்டச்சு செய்த அம்மாள் சட்டென்று நிறுத்தினாள். திரையில் சிவப்புக் கட்டம்: 'இப்பொருள் ஏற்கெனவே உள்ளது. மீண்டும் வாங்க இயலாது.'

"என்னம்மா இது? யார்கிட்ட வாங்கினீங்க?"

"உங்க கம்பெனிகிட்டதான் சார், மூணு வருஷமாச்சு, பதினோரு கையெழுத்து கேட்டு எல்லாரையும் இப்படி அலையவிடறதே உங்க சாப்ட்வேர்தானே!"