உத்திரட்டாதித் தந்தி

ரகசிய எழுத்து கண்டுபிடிக்கிறவர்கள் எல்லோரும் எதிரி படித்துவிடக் கூடாதே என்றுதான் கவலைப்படுவார்கள். கண்டுபிடித்தவரின் மூளை என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கவலைப்படுவதில்லை. பத்தொன்பது வயதில் நானும் கவலைப்படவில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம். நான் திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்பதைவிட, படிக்கிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைவூட்டிக்கொண்டிருந்தேன் என்பதே சரி.) அப்பாவுக்குச் 'சாலை' என்கிற கடைத்தெருவில் பூட்டு, கீல், ஆணி விற்கும் கடை. கடைக்கு மேலே வீடு.

திருநெல்வேலியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. அங்கே போய்ப் பேசிவிட்டு வருவதாக அப்பா சொன்னார். கடைசி வருஷப் படிப்பை முடிக்க விடுவார்களா என்பதுதான் என் ஒரே கேள்வி. விடமாட்டோம் என்றால் அப்பா என்ன பதில் சொல்வார் என்பது அவருக்கே தெரியாது. "பேசிப் பாப்போம் மக்கா" என்றார். பேசி முடித்ததும் தந்தி அடிப்பதாக ஏற்பாடு.

தந்தியில்தான் சிக்கல். தந்திக்காரரின் சைக்கிள் சாலைக்குள் திரும்பினாலே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பாதிக் கடைத்தெரு பின்னால் வரும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்காக அவரே பிரித்து உரக்க வாசித்துச் சொல்லியும் விடுவார். அக்காவின் முதல் வரன் தட்டிப்போன செய்தி எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டது. அம்மா ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன்.

"ஒவ்வொரு எழுத்தையும் தள்ளி எழுதணும்பா. மூணு தள்ளினா ஏ-க்குப் பதிலா டி. இஸட் தாண்டினா திரும்ப ஏ-யில இருந்து எண்ணணும்."

"இந்த வித்தை இன்னொருத்தனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரியட்டுமே. நம்ம கடைப் பூட்டு எப்படி வேலை செய்யும்னு ஊருக்கே தெரியும். சாவி இல்லாம தொறக்க முடியுமா? எத்தனை தள்ளணும்ங்கதுதான் சாவி."

"அந்தச் சாவிய தந்தியிலயே எழுதினா அதையும் வாசிச்சிருவானே?"

பூட்டு விற்கிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். சாவியை அனுப்பவே கூடாது, இரண்டு பேருக்கும் தானாகத் தெரிய வேண்டும், தினமும் மாறவும் வேண்டும். சுவரில் தொங்கிய பஞ்சாங்கம் கண்ணில் பட்டது. அன்றைய நட்சத்திரம்! அசுவினிக்கு ஒன்று, பரணிக்கு இரண்டு, இப்படியே ரேவதி வரை. அன்று எனக்கு ஏறிய தலைக்கனத்தை எங்கள் மாடிக் கூரை தாங்கியதே பெரிய விஷயம். ரோகிணியன்று ஒத்திகை பார்த்தோம். திருவாதிரையன்றும் பார்த்தோம். அருமையாக வந்தது. அப்பா இன்னொரு பஞ்சாங்கம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

தந்தி வந்த அன்று வழக்கம்போல் கூட்டமும் வந்தது. நான் மாடியிலிருந்து வெகு அலட்சியமாக இறங்கினேன். படித்துக்கொள்ளட்டுமே, ஒரு எழுத்தாவது புரியுமா? தந்திக்காரர் பிரித்து, ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்து, தம் மலையாளத் தமிழில் அர்த்தமும் சொன்னார்: "படிப்ப நிறுத்தணும்னு அவர் கேட்டு. மாட்டேன்னு நான் பறஞ்சு. அவள் காலேஜுக்குப் போகட்டே."

கூட்டம் "ஓ!" என்றது.

"அது செய்தியே இல்ல!" என்று கத்தினேன். "அது சங்கேதம். உள்ள வேற இருக்கு."

பக்கத்து அரிசிக்கடை அண்ணாச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தெளிவாத்தானம்மா இருக்கு?"

"எல்லாரையும் ஏமாத்தத்தான் தெளிவா இருக்கு, அண்ணாச்சி!"

(என் வாழ்க்கையில் நான் சொன்ன மகா அபத்தம் இதுதான். இதற்குப் போட்டியாக வேறு சிலவும் உண்டு.)

"எம்மா, இன்னைக்கு என்ன நட்சத்திரம்?" என்று மேலே பார்த்துக் கூவினேன்.

"உத்திரட்டாதி!" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

உத்திரட்டாதி இருபத்தாறு. கடையிலிருந்த சாக்கட்டியை எடுத்து வாசல் பலகையில் ஆரம்பித்தேன். முதல் எழுத்து ஏ. பின்னோக்கி இருபத்தாறு எண்ணினேன். ஏ. அடுத்தது எஸ். கூட்டமும் என்னோடு விரல்விட்டு எண்ணியது. எஸ். மூன்றாவது கே. அதுவும் கே.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் இருபத்தேழு. ஆங்கில எழுத்தோ இருபத்தாறு. இருபத்தாறு தள்ளினால் எழுத்து ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்து உட்காரும். நான் செய்த பூட்டு மாதம் ஒரு நாள் தானாகத் திறந்துகொள்ளும். கணிதத்தில் வகுப்பிலேயே முதல் மாணவி நான்.

தந்திக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அப்போ குட்டி, ஞான் வாயிச்சது சரியல்லே?"

"சரிதான்" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. அப்பா மறுத்துவிட்டார்! நான் காலேஜுக்குப் போகிறேன்! வெட்கமாவது ஒன்றாவது, நடுத்தெருவில் நின்று சிரித்தேன், அழுதேன். அண்ணாச்சி கடைக்குள் ஓடிப்போய் ஒரு கட்டி வெல்லம் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

மறுநாள் அப்பா வந்தார். "எண்ணி எண்ணி வெரலு தேஞ்சு போச்சு மக்கா. ஒரு எழுத்தும் எடத்த விட்டு அசையல்ல. படிச்ச பிள்ளை சொல்லியிருக்கு, உள்ள என்னமோ சூட்சுமம் இருக்கும்னு அப்படியே அடிச்சிட்டேன்."

அந்த வாரமே பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். நல்ல இடம், விடாதே, முடியாது என்று சொன்னதைப் பேசிச் சரிசெய்துவிடலாம் என்று காலையிலிருந்து கரைத்தார். அப்பா கரைகிற ஆள்தான். நான் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன்.

கடைசியில் அப்பா சொன்னார்: "நீங்க சொல்லுகது சரிதான் அண்ணே. ஆனா சாலை பூரா வாசிச்சுக் கேட்டாச்சே. இனி மாத்திச் சொன்னா நான் கடை தொறக்க முடியுமா?"

பூட்டு ஒழுங்காகப் பூட்டியிருந்தால் என் கதை திருநெல்வேலி அடுக்களையில் முடிந்திருக்கும். நான் பட்டம் வாங்கினேன், கணித ஆசிரியையும் ஆனேன்.

பிறகு நாகர்கோவிலில் ஒரு வரன் அமைந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளையே சொன்னாராம். பேசப் போன அப்பாவிடமிருந்து இரண்டு நாள் தந்தியே இல்லை. அம்மா தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தந்திக்காரர் வந்து உரக்க வாசித்தார், கடைத்தெருவே கைதட்டியது.

"எதுக்குப்பா தாமதம்?" என்று பிறகு கேட்டேன்.

"உத்திரட்டாதி வரணும்லா" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது நல்ல செய்தியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு முனகினால், நாலு பேர் ஒன்றாகச் சொல்வார்கள்: "உத்திரட்டாதியில சொல்லு!"