வெடித்ததா, கசிந்ததா?

இணுவில்,
வைகாசி, 1987

அன்புள்ள மருமகன் தில்லைநாதனுக்கு,

நாங்கள் இங்கே சுகம்; நீரும் குடும்பமும் கொழும்பில் அப்படியே இருக்க இணுவில் கந்தன் துணை. 'நாங்கள்' என்று எழுதியது பழக்கதோஷம். உம்முடைய மாமி ஒரு கிழமையாகக் கரவெட்டியில், தமக்கை செல்வநாயகி வீட்டில். காரணம், உம்முடைய இன்சூரன்ஸ் கொம்பனியில் நீர் எடுத்துத் தந்த வீட்டுக் காப்புறுதி. கோபிக்க வேண்டாம், விளங்கப்படுத்துகிறேன்.

எங்கள் வீடு மாமியின் தகப்பனார் மலாயாவில் உழைத்துக் கட்டியது. கூரைத் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் இரும்புக் குழாயை மனுஷன் சுவருக்குள்ளே வைத்துப் பூசிவிட்டார். வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகப் போனேன். சுவர் எனக்கு முன்னமே முழுகி நின்றது. குழாய் வேலை செய்யும் யாகோப்பு பூச்சைக் கொத்திப் பார்த்து, "மாஸ்ரர், பைப் வெடிச்சுப்போச்சு" என்றார். நானும் கொம்பனிக்கு, "குழாய் வெடித்துவிட்டது" என்று எழுதினேன். அதை இங்கிலிசில் மாற்றிய புண்ணியவான் யாழ்ப்பாணம் என்ற விலாசத்தையும் பார்த்தாராக்கும். "யுத்தம், குண்டுவெடிப்பு ஆகியவற்றால் வரும் சேதத்துக்குக் காப்புறுதி இல்லை" என்று பதில் வந்தது. வயல் வெடிக்கிறது, உதடு வெடிக்கிறது, பருத்திக்காய் வெடிக்கிறது. அதற்கெல்லாம் யார் குண்டு வைத்தது?

ஆகவே அடுத்த கடிதத்தில், "வெடிக்கவில்லை, கசிகிறது" என்று திருத்தினேன். திடீரென நேர்ந்தால்தான் தருவார்களாம்; கசிவென்றால் துரு, பழைய வீட்டின் தேய்மானம், அது வீட்டுக்காரர் பாடாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து வாங்கொன்றில் முப்பது வருடம் பிள்ளைகள் குந்தியிருந்து தேய்த்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி அதில் குந்தினார், உடைந்தது. அது தேய்மானமா, திடீர் விபத்தா? கீழே கிடந்த வித்தியாதரிசியைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? தொண்ணூறு தாண்டிப் போனவருக்கும் நாங்கள் 'திடீரெனக் காலமானார்' என்றுதானே பேப்பரில் போடுகிறோம்.

எதற்கும் ஓர் ஆளை அனுப்பிப் பார்ப்பதாகவும், அதுவரை எதையும் தொடக்கூடாது என்றும் கடைசியில் எழுதியிருந்தார்கள். பார்க்க வருகிறவருக்குக் காட்டக் கசிவு இருக்க வேண்டுமே என்று நான் நாள்தோறும் தொட்டியை நிரப்பி, அது வற்றாமல் பார்த்து வந்தேன். சுவரில் பாசி பிடித்து, பூச்சு விழுந்து, இப்போது அடுக்களைப் பக்கம் கொஞ்சம் வண்டி வைத்து வெளியே தள்ளியிருக்கிறது. மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்திட்டு ஒருநாள் கேட்டா:

"உங்களுக்கு நான் வேணுமோ, உந்த ஓட்டைப் பைப் வேணுமோ?"

"பொறுமப்பா, கொம்பனி ஆள் வந்து பாக்கட்டும்."

"அவர் வரேக்கை சுவர் இராது. என்ரை அப்பு கட்டின சுவர். உங்களுக்கென்ன, சீதனமா வந்ததுதானே! நான் அக்கா வீட்டை போறன். சுவரைக் கட்டிப்போட்டுச் சொல்லி அனுப்புங்கோ."

போய்விட்டா. சோறு நானே வடிக்கிறேன். கஞ்சியோடு சோறும் போகிறது. பூனைகூட அடுத்த வீட்டில்தான் சாப்பிடுகிறது. சுவரைக் கட்டினால் காப்புறுதி போகும், கட்டாவிட்டால் மனுசி வராது. ஆகையால் மருமகன், வெடிப்புக்கும் கசிவுக்கும் நடுவில் ஒரு சொல் வேண்டும். 'பீறியது' என்று போடலாமென நினைக்கிறேன். திடீரெனவும் இருக்கிறது, சத்தமும் இல்லை. அதற்கொரு நல்ல இங்கிலிசுச் சொல்லைப் பார்த்துப் போட்டு, அந்த ஆளைக் கெதியாக அனுப்பிவைத்தால் நானும் கரவெட்டிக்குச் சொல்லி அனுப்புவேன்.

மகள் நாகேஸ்வரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. ஒரு சுவருக்குள் ஒற்றுமையாக, ஈரம் படாமல் வாழ்க.

இப்படிக்கு,
மாமா
கனகசபாபதி

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் மாமி வந்திட்டா. கரவெட்டியிலை ஆமி அடிக்கிற செல் விழுதாம். செல்வநாயகி வீட்டார், அவையின்ரை அயலட்டைச் சனம், எல்லாருமாக விடிய விடிய நடந்து வந்திருக்கினம். கிணத்தடியிலை நிக்க இடமில்லை. மாமி சுவரைப் பார்த்தா. கசிவுக்குக் கீழே பெரிய கிடாரத்தைக் கொண்டுவந்து வைச்சா. பிள்ளைகள் அதிலைதான் முகம் கழுவுதுகள். "யாகோப்பைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டேன். "விசரே உங்களுக்கு? இவ்வளவு சனத்துக்கு உள்ள பைப்பே காணாது. உது ஓடட்டும்" என்றா. ஆகவே சொல் ஒன்றும் தேட வேண்டாம். அந்த ஆளையும் அனுப்ப வேண்டாம். வந்தால் படுக்க இடமில்லை.