பாதிப் பேராவது ஓடணும்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு உத்தியோகத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று மிக்ஸி மாமா முடிவு கட்டிவிட்டார். தண்ணீர் வரி ஆபீஸ் இனி வேறு எவன் தலையிலாவது விடியட்டும். அவர் கலைஞர்.

சாதாரணக் கலைஞரா? இரைச்சல் கலைஞர்! ராகமும் தாளமும் அவர் வாசலில் கால் வைத்ததில்லை. ஓட்டை மிக்ஸியில் ஸ்பூன்களைப் போட்டு ஓடவிடுவார். தகரத்தைச் செங்கல்லால் தேய்ப்பார். சுவரில் துளை போடும் டிரில்லை மைக்கின் வாய்க்குள் விடுவார். ‘பிரளயம்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டார். தெரு அதைச் சட்டை செய்யாமல் மிக்ஸி மாமா என்றே கூப்பிட்டது. அவர் புண்ணியத்தில் மாடி போர்ஷன் மூன்று முறை காலியானது. அதை அவர் விருதுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இப்போது இரைச்சல் விழா நடத்தும் அமைப்பாளர் ஒருவர், மாமாவின் வாசிப்பைக் கேட்க வீட்டுக்கே வருகிறார். ஒரே நிபந்தனை. கூட்டம் இருக்க வேண்டும். அதில் பாதிப் பேராவது பாதியில் எழுந்து ஓட வேண்டும். ஓடினால் வருஷம் முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி. யாராவது மயங்கி விழுந்தால் விழாவின் நிறைவு நாளே மாமாவுக்குத்தான்.

கூட்டத்துக்கு எங்கே போவது? அவர் தலையைக் கண்டாலே தெருவில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். மனைவியிடம் போய் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை காலைல ஒரு இருபது பேர் வேணும்மா.”

“எதுக்குங்க? பீரோவ நகத்தவா?”

“என் வாசிப்பக் கேக்க! என்னப் பத்தித் தெரியாதவங்களா இருக்கணும்.”

“பாவம், பாதியில ஓடிட்டாங்கன்னா?”

“ஓடத்தாம்மா கூப்பிடறேன்! ஓடினாத்தான் நான் வேலைய விட முடியும்.”

“வேலைய விட்டுட்டா வாடகை? சின்னவ காலேஜு?”

“கலையப் போயி வாடகையோட சேத்துப் பேசாத!”

அவள் முகம் சுண்டியது. அப்புறம் சட்டென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தாவது மனிதர் உஷாராகியிருக்க வேண்டும்.

“எங்க மில்லுல இருந்து கூட்டிட்டு வரேங்க. உங்களுக்குன்னா வராமயா போவாங்க?”

அவள் நூல் மில்லில் சூப்பர்வைசர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மில் வாசலை மாமா மிதித்ததில்லை. நூல் மெல்லிசு, அதனால் அது தயாராகும் இடமும் மெத்தென்றுதான் இருக்கும் என்பது அவர் ஆராய்ச்சி. பஞ்சுக்கு நடுவே வளர்ந்த காதுகள், ஐந்து நிமிஷம் தாங்காது என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு இருபது பேரும் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். அமைப்பாளர் மூலை நாற்காலியில். ஓடுகிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று மாமா கதவை விரியத் திறந்தார். செருப்புகளைக்கூட வெளியே பார்த்துத் திருப்பி வைத்தார்.

மிக்ஸி அலறியது. யாரும் அசையவில்லை. டிரில் பிளிறியது. ஓர் அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மாமா ஒலியை உச்சத்தில் வைத்தார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. ஒருத்தர் பக்கத்து ஆள் தோளில் சாய, அவர் அடுத்தவர் தோளில் சாய, வரிசை மொத்தமும் சரிந்தது.

“மயங்கிட்டாங்க! இருபது பேரும் மயங்கிட்டாங்க!” மாமாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

அமைப்பாளர் எழுந்து வந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டார். மாமாவின் காதருகே வந்து கத்தினார்.

“குறட்டை சார்!”

மாமாவின் கை தானாக மிக்ஸியை அணைத்தது. அவ்வளவுதான், இருபது பேரும் அலறியடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

“ஐயோ, கரண்ட் போச்சா?”

“யாருப்பா மெஷின நிறுத்தினது?”

புடவை போர்த்திய அம்மாள் மாமாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்லா இருங்க சார். மில்லு சத்தத்துலயே பழகிட்டமா, வீட்டுல அந்த அமைதியில பொட்டுத் தூக்கம் வரமாட்டேங்குது. இன்னிக்குத்தான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.”

“இது தாலாட்டு சார்,” என்றார் அமைப்பாளர் வருத்தமாக. “எங்க விழாவுல இதுக்கு இடமில்ல.” அன்றைக்கு அந்த ஹாலிலிருந்து எழுந்து போன ஒரே ஆள் அவர்தான்.

மாமா இடிந்துபோய் மனைவியைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா. தினமும் கண்ண மூடி ரசிப்பியே?”

“அதெல்லாம் எதுக்குங்க இப்ப?” என்று அவள் அவர் கையிலிருந்த டிரில்லைப் பதமாக வாங்கி வைத்தாள். “ஒழுங்கா ஆபீஸுக்குப் போயிட்டு வாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாய் தலகாணியோட வராங்களாம்.”